சந்திரபாபுவை இயர்போனில் கேளுங்க

அறுபது, எழுபதுகளின் பாப், ராக் பாட்டுகளைத் தேடிக் கேட்கிற ஒரு அலை இப்போ நம்ம ஹாஸ்டலிலும் அடிக்குது. ஒரு ரூமில் பீட்டில்ஸ், அடுத்த ரூமில் அபா, மாடியில் யாரோ ஒருத்தன் எல்விஸ் மாதிரி முடியை வாரிக்கிட்டு நிற்கிறான். நல்லதுதான், நானும் கேட்கிறேன். ஆனா ஒரே ஒரு கேள்வி. அதே காலத்தில், இதே சென்னையில், கோட்டு சூட்டு தொப்பியோடு மைக் முன்னால் நின்று, குரலை உடைத்து உடைத்துப் பாடி, இடுப்பையும் முழங்காலையும் தனித்தனியா ஆடவிட்ட ஒரு மனுஷனைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

ஜே.பி. சந்திரபாபு. பெயர் கேட்டதும் உங்களுக்கு ஒரு கருப்பு வெள்ளை மீம் டெம்ப்ளேட் ஞாபகம் வரலாம். தாத்தா பாட்டிக்குக் காமெடியன் ஞாபகம் வரும். அந்த ரெண்டையும் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. அவரை ஒரு பாடகரா, இன்னும் சரியா சொல்லணும்னா தமிழின் முதல் பாப் பாடகரா பார்க்கலாம்ங்கிறதுதான் என் கட்சி.

ஜே.பி. என்பதன் விரிவாக்கத்தில் இருந்தே கதை தொடங்குது. ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ். 1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பிறந்தவர். பரதவர் குடும்பம், கத்தோலிக்கர்கள். தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயம் இருக்கு; ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அந்த மாதாவின் திருவிழா. பனிமயதாஸ் என்றால் அந்தத் தாயின் அடியான். ரோட்ரிக்ஸ் என்பது போர்ச்சுகீசியப் பெயர். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்கள் 1530களில் கிறித்தவம் தழுவியபோது வந்து ஒட்டிக்கொண்ட பெயர்களில் ஒன்று. ஃபெர்னாண்டோ, பர்னாந்து, மச்சாது, ரோட்ரிக்ஸ் எல்லாம் அந்தக் கரையில் சுத்தத் தமிழ்ப் பெயர்கள் மாதிரிதான். மேல்நாட்டு இசை நமக்கு பம்பாய் வழியாத்தான் வந்ததுன்னு நினைச்சிருந்தீங்கன்னா, இந்த ஆளின் பெயரே வேறொரு கடல் வழியைக் காட்டுது.

அப்பா சுதந்திரப் போராட்டக்காரர், சுதந்திர வீரன் என்று ஒரு பத்திரிகை நடத்தியவர். பிரிட்டிஷ் அரசின் நெருக்கடியில் குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்தது. சிறுவன் பாபு கொழும்பில் வளர்ந்து, கொழும்பில் படித்தான். துறைமுக நகரம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும் ஊர். போர்ச்சுகீசியரும் ஆப்பிரிக்கரும் விட்டுப்போன தாளத்தில் பிறந்த பைலா அங்கே கல்யாண வீடுகளின் இசை. சரியா அவர் யார் யாரைக் கேட்டு எதைக் கற்றார்னு ஆராய்ச்சி பண்ணாமலே ஒன்று சொல்லலாம்: 1943இல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியபோது, அந்தப் பதினாறு வயசுப் பையனின் காதில் இருந்தது கும்பகோணமோ மதுரையோ இல்லை.

அதுதான் அவருக்கு முதலில் பிரச்சினையா இருந்தது.

அன்றைய தமிழ் சினிமாவில் பாட்டு என்றால் ராகம். எம்.கே. தியாகராஜ பாகவதர் கோலோச்சி முடிந்த நேரம். 1947இல் தன அமராவதி படத்தில் சின்ன வேஷம் கிடைத்தது. அதன் பிறகு வருஷக்கணக்கா ஸ்டூடியோ ஸ்டூடியோவா அலைச்சல். இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனிடம் வாய்ப்புக் கேட்டுப் போனபோது, அங்கே உதவியாளரா இருந்த எம்.எஸ். விஸ்வநாதனுக்கு இந்தச் சிலோன் பையனின் பாட்டும் உச்சரிப்பும் சுத்தமா பிடிக்கலைன்னு ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் அந்த ரெண்டு பேரும் எப்படிப்பட்ட நண்பர்கள் ஆனாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு இது சிரிப்பா இருக்கும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

1952. ஜெமினி ஸ்டூடியோ. எஸ்.எஸ். வாசனைப் பார்க்க முடியாமலே பல நாள் நடந்த சந்திரபாபு, அந்த வளாகத்திலேயே உயிரை விட முயன்றார். காப்பாற்றப்பட்டார். அன்றைய சட்டப்படி அது குற்றம், வழக்கு வந்தது. நீதிமன்றத்தில் தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையைச் சுட்டுக்கொண்டு, சுட்டது உங்களுக்குத் தெரியும், வலி உங்களுக்குத் தெரியாது என்ற பொருளில் நீதிபதியிடம் பேசினார் என்று பலரும் சொல்லும் கதை ஒன்று இருக்கு. நீதிபதி விட்டுவிட்டார். அதே வருஷம் வாசனின் மூன்று பிள்ளைகள் படத்தில் ஒரு சின்ன வேஷம் வந்தது.

இந்த இடத்தை ஹீரோத்தனமா சொல்றவங்க நிறைய பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிளேஸ்மென்ட் சீசனில் மூணாவது ரவுண்டில் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற முகங்களை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். சந்திரபாபுவுக்கு வாய்ப்பு வந்தது அந்த முயற்சியால் இல்லை. அதற்கு முன்னாலேயே, 1951இல், டி.ஆர். மகாலிங்கம் தன் மோகன சுந்தரம் படத்தில் அவருக்கு இடம் கொடுத்திருந்தார், அடுத்து சின்னதுரையிலும். அந்தச் சின்னதுரையில்தான் தமிழ் ரசிகர்கள் அதுவரை கேட்காத ஒரு சத்தத்தைக் கேட்டாங்க. யோடலிங்.

இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா மொத்தக் கட்டுரையும் இதுக்காகத்தான்.

நம்ம எல்லாருக்கும் ரெண்டு குரல் இருக்கு. பேசும்போது குரல் நாண்கள் தடிமனா, முழு அகலத்தில் அதிரும். அது நெஞ்சுக் குரல். சத்தத்தை மேலே ஏற்றிக்கொண்டே போனா ஒரு கட்டத்தில் நாண்கள் இழுபட்டு மெலிந்து, ஓரம் மட்டும் அதிரத் தொடங்கும். அது தலைக் குரல், பொய்க் குரல்னும் சொல்வாங்க. ரெண்டுக்கும் நடுவில் ஒரு விரிசல் இருக்கு. பத்தாவது படிக்கிற பையனின் குரல் வகுப்பில் பதில் சொல்லும்போது கீச்சென்று போகுமே, அந்த விரிசல்தான். கர்நாடக இசையோ மெல்லிசையோ, பயிற்சி பெற்ற பாடகர் பல வருஷம் உழைப்பது அந்த விரிசல் வெளியே தெரியாமல் பூசி மறைக்கத்தான். யோடல் பாடுகிறவர் நேர் எதிர். விரிசல் மேலேயே போய் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதித்து விளையாடுவார். ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களிடம் இருந்த பழக்கம் அது. அமெரிக்காவில் ஜிம்மி ராட்ஜர்ஸ் அதை நாட்டுப்புற ப்ளூஸோடு சேர்த்து இசைத்தட்டில் பதிந்து பெரிய வெற்றி கண்டார். அவருடைய முதல் ப்ளூ யோடல் பதிவான வருஷம் 1927. நம்ம ரோட்ரிக்ஸ் பிறந்த வருஷம். சும்மா ஒரு தற்செயல்தான், ஆனா எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியலை.

ஒரு வேலை செய்து பாருங்க. சந்திரபாபு யோடல் செய்கிற துண்டு எதையாவது வெட்டி எடுத்து ஆடாசிட்டியில் போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்க. டி.எஸ்.பி. லேபில் நாம போரடிச்சுப் போய்ப் பார்த்த அதே படம்தான். ஒரு கமகத்தைப் போட்டா கோடு மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து ஏறும். சந்திரபாபுவின் யோடலில் கோடு படிக்கட்டு. நடுவில் சரிவே இருக்காது, ஒரே தாவல். அந்தத் தாவலை சுதி பிசகாமல், தாளத்தின் சரியான இடத்தில், சிரித்த முகத்தோடு, ஆடிக்கொண்டே செய்வது எவ்வளவு கஷ்டம்னு குளியலறையில் முயற்சி செய்தா தெரியும். வடக்கே கிஷோர் குமார் இதே வித்தையை வைத்துப் பெரிய பெயர் எடுத்தார். இங்கே அதற்கு வைத்த பெயர் காமெடி.

ஐம்பதுகளில் இன்னொரு மாற்றம் நடந்துக்கிட்டிருந்தது. பின்னணிப் பாடகர்கள் வந்துட்டாங்க. டி.எம். சௌந்தரராஜன் பாடுவார், சிவாஜியும் எம்.ஜி.ஆரும் வாயசைப்பாங்க. அந்தக் காலத்தில் தன் பாட்டைத் தானே பாடிய முக்கியமான நடிகர்களில் ஒருத்தர் சந்திரபாபு. தனக்கு மட்டுமா? 1954இல் வந்த ஏ.வி.எம்.மின் பெண் படத்தில், நடிகர் எஸ். பாலசந்தருக்காக அவர் பாடின கல்யாணப் பாட்டு பெரிய ஹிட். அந்த பாலசந்தர் யார் தெரியுமா? பிற்காலத்தில் வீணை பாலசந்தர் என்று உலகம் கொண்டாடிய சங்கீத மேதை. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த குரல் இந்தச் சிலோன் பையனுடையது.

அதுக்கப்புறம் வரிசையா வந்தது. 1957இல் மணமகன் தேவை, இசை ஜி. ராமநாதன். ராகத்தில் ஊறிய ராமநாதன் இவருக்காக லத்தீன் அமெரிக்கத் தாளத்துக்கு இறங்கி வந்தார். அதே வருஷம் புதையல், விஸ்வநாதன்–ராமமூர்த்தி. 1959இல் மரகதம், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் ஜமுனா ராணியோடு பாடின குங்குமப்பூ டூயட். அதைக் கேட்டிருப்பீங்க, யார் பாடினதுன்னு தெரியாமல் கேட்டிருப்பீங்க. அதே வருஷம் சகோதரி. அந்தப் படம் முடிந்த பிறகு கலகலப்பு போதலைன்னு தோன்றி, சந்திரபாபுவைப் பால்காரராக்கித் தனியா ஒரு நகைச்சுவைப் பகுதி எடுத்து ஒட்டினார் ஏ.வி. மெய்யப்பன். அதில் தன்னையே முட்டாள் என்று சொல்லிக்கொண்டு அவர் பாடுகிற பாட்டு படத்தையே தூக்கி நிறுத்தியது.

1958இல் வந்த சபாஷ் மீனாவை மட்டும் முழுப் படமா பாருங்க. சிவாஜியோடு சரிக்குச் சரியா, இரட்டை வேடம். அதில் ஒரு வேடம் ரிக்‌ஷாக்காரர். மெட்ராஸ் பாஷை சினிமாவில் இவ்வளவு அச்சு அசலா அதுக்கு முன்னால் வந்ததில்லைன்னு சொல்வாங்க. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் இங்கிலீஷ் படித்தவர் வாயில் சென்னைத் தமிழ்! நம்ம அப்பா அம்மா விழுந்து விழுந்து சிரித்த 1996ஆம் வருஷ உள்ளத்தை அள்ளித்தாவின் வேர் இந்தப் படத்தில்தான் இருக்கு.

சரி, இந்தப் பாட்டுகள் எப்படி ஊர் ஊராப் போச்சு? இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு திருப்பம் வருது. 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரக்குறைவுன்னு நினைத்தவர். அவர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் போனது. ஜனங்க என்ன பண்ணாங்க? முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்குப் போயிட்டாங்க. 1957இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் பழக்கம் விடலை. ஆக, கொழும்பில் வளர்ந்து சென்னைக்கு வந்த குரல், சென்னையில் பதிவாகி, திரும்பக் கொழும்புக்குப் போய், அங்கே இருந்து தமிழ்நாட்டு டீக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு வழி இசைத்தட்டு. திருமுடிவாக்கம் சிட்கோவில் இன்டர்ன்ஷிப் போனவங்களுக்கு லேத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. இசைத்தட்டின் தாய்த்தட்டும் லேத்தில் வெட்டப்படுவதுதான். தட்டு சுழலும், வெட்டும் ஊசி ஓரத்தில் இருந்து மையத்தை நோக்கி மெல்ல நகரும். நாம ஃபேசிங் பண்றோமே, அதே நகர்வு. வித்தியாசம் என்னன்னா, இங்கே டூல் பிட் நேராப் போகாது. பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ப இடமும் வலமும் துடிக்கும். அந்தத் துடிப்புதான் பள்ளமா பதியுது. நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம். அதுக்குள்ள பாட்டை முடிக்கணும், இல்லைன்னா வெட்டணும், அல்லது தட்டைத் திருப்பிப் போட்டு மீதியைக் கேட்கணும். பாப் பாட்டு ஏன் 3 நிமிஷம்ங்கிற கேள்விக்குப் பாதி பதில் இந்தப் பள்ளத்தில் இருக்கு. சந்திரபாபுவின் பாட்டுகள் அந்த அளவுக்குக் கச்சிதமா பொருந்தும். நீட்டி ஆலாபனை கிடையாது. வந்தார், குதித்தார், போனார்.

மேல்நாடுகளில் ஐம்பதுகளின் கடைசியிலேயே 78 தட்டுகள் ஓய்ந்து, 45 சுற்றில் ஓடும் சின்னத் தட்டுகள் வந்துட்டுது. இங்கே மின்சாரம் இல்லாத வீடுகளில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் இருந்ததால் அறுபதுகளிலும் 78 தொடர்ந்தது. எந்த அளவுக்குன்னா, பீட்டில்ஸ் பாட்டுகளையே கல்கத்தா டம்டம் ஆலையில் 78 தட்டாக அச்சடித்தாங்க. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் இன்று அதைத் தேடி அலையறாங்க. அதாவது, ஒரே ஆலை, ஒரே அரக்கு, ஒரே வேகம். ஒரு தட்டில் லிவர்பூல் பையன்கள், இன்னொன்றில் நம்ம தென்னாட்டுப் பாட்டு.

வெள்ளிக்கிழமை கிளாஸ் சீக்கிரம் முடிந்தா பல்லாவரம் சந்தைக்குப் போங்க. பழைய டிரங்க் ரோட்டில் மிக்ஸி மோட்டாருக்கும் பழைய கீபோர்டுக்கும் நடுவில் தட்டுகளைக் குவித்து வைத்திருப்பாங்க. நான் மூணு வெள்ளி போயிருக்கேன். தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்க: பள்ளம் கருப்பா மின்னினா நல்லது, சாம்பல் பூத்திருந்தா ஊசி தின்றுவிட்டது. ஓரத்தில் கண் வைத்து வளைவு இருக்கான்னு பாருங்க. முக்கியமானது, 78 தட்டை எல்.பி. ஊசியில் ஓட்டாதீங்க. எல்.பி. ஊசி முனை சுமார் 0.02 மி.மீ., 78க்கு வேண்டியது சுமார் 0.075 மி.மீ. மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையை உழுதுகொண்டு போகும், பாட்டு வராது, சட்னி அரைக்கிற சத்தம்தான் வரும்.

திரும்ப மனுஷனுக்கு வருவோம். உச்சியில் இருந்தபோது சந்திரபாபு சென்னையில் பெரிய வீடு கட்டத் தொடங்கினார். காரோடு மாடிக்கே ஏறிப் போகிற மாதிரி சாய்தளம் வைத்த வீடு. 1958இல் கல்யாணம். மணமான உடனேயே, தன் மனசில் வேறொருவர் இருக்கார்னு மனைவி சொன்னார். இவர் சண்டை போடலை. அவரைத் தன் விருப்பப்படி போக விட்டுவிட்டார். பாக்யராஜின் அந்த 7 நாட்கள் படத்தோடு இந்தச் சம்பவத்தைச் சேர்த்துப் பேசுவாங்க. படத்தின் முடிவு என்னன்னு உங்களுக்குத் தெரியும். வாழ்க்கையில் முடிவு வேறு: அவர் கடைசி வரை தனியாத்தான் இருந்தார்.

அவரைப் புனிதராக்க எனக்கு ஆசை இல்லை. பெரிய நடிகர்களையும் பட்டப்பெயர் இல்லாமல் சர்வசாதாரணமா கூப்பிடுவார். பேட்டிகளில் சக நடிகர்களின் நடிப்பைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்வார். குடி இருந்தது. கண்ணதாசன் சொந்தப் பணம் போட்டு 1960இல் கவலை இல்லாத மனிதன் எடுத்தார், சந்திரபாபுதான் நாயகன். ஷூட்டிங்குக்கு அழைத்துப்போக கண்ணதாசன் வீட்டு வாசலில் காத்திருக்க, இவர் பின்வாசல் வழியா நழுவிவிட்ட கதையை இன்றைக்கும் சொல்வாங்க. படம் ஓடலை. கண்ணதாசனுக்குக் கவலை மட்டும் மிச்சம். ஆனா அதே படத்துக்காக அந்தக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் இவர் பாடின, பிறப்பிலும் அழுகை இறப்பிலும் அழுகை என்ற பொருளில் வரும் பாட்டு இருக்கே, அது எந்த நாட்டு பாப் வரிசையில் வைத்தாலும் நிற்கும். யோடல் கிடையாது, சேட்டை கிடையாது. சிரிக்க வைக்கிறவன் குரலில் சிரிப்பை மட்டும் எடுத்துட்டா என்ன மிஞ்சும்னு கேட்கணுமா, ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு அதைக் கேளுங்க. அறுபதுகளின் நடுவில் டெல்லியில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னால் இந்தப் பாட்டைப் பாடினார். அவர் ரசித்துப் பாராட்டியதும் இவர் ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்து, மோவாயைப் பிடித்துக் கொஞ்சினாராம். புரோட்டோகால் அதிகாரிகளின் முகத்தை நினைத்துப் பாருங்க.

1962இல் அன்னை படத்தில் ஆர். சுதர்சனம் இசையில் அவர் பாடின பாட்டும் கண்ணதாசன் எழுதினதுதான். புத்தி உள்ளவனுக்கும் வெற்றிக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையாங்கிற விஷயம். செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றைக்கு நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் இதுதான் ஓடும். வைக்கிறவங்களில் பாதிப் பேருக்கு இது 60 வருஷத்துக்கு மேல் பழசுன்னு தெரியாது.

வீழ்ச்சி வேகமா வந்தது. எம்.ஜி.ஆரை நாயகனா வைத்து மாடி வீட்டு ஏழை என்று ஒரு படத்தை இயக்கத் தொடங்கினார். கொஞ்சம் எடுத்ததோடு நின்றுபோனது. கடன் மட்டும் நிற்கலை. வீடு போனது, மாடிக்குக் கார் ஏற்ற ஆசைப்பட்டவருக்குக் காரும் இல்லை. 1966இல் தானே எழுதி இயக்கி நடித்தார், தட்டுங்கள் திறக்கப்படும் என்று பெயர். பைபிளில் இருந்து எடுத்த தலைப்பு. கதவு திறக்கலை. அதற்குள் நாகேஷ் வந்து, திரை முழுக்க அவருடைய கைகால்கள் நிறைந்துவிட்டன. எம்.ஜி.ஆரே 1969இல் அடிமைப் பெண்ணில் ஒரு வேடம் கொடுத்தார். அதற்குள் உடம்பு தளர்ந்திருந்தது.

1974 மார்ச் 8 அன்று சந்திரபாபு இறந்தார். வயசு 46. நாற்பத்து ஆறு என்பது நம்ம எச்.ஓ.டி.க்களில் பலரைவிடச் சின்ன வயசு. அடுத்த சில வருஷங்களில் இலங்கையில் இருந்து சுராங்கனி வந்து தமிழ்நாட்டையே ஆட்டி வைத்தது. சிலோன் மனோகர் மேடைக்கு மேடை பாடினார். அதே கடல் வழி. முதலில் அதில் வந்தவர் அதைப் பார்க்க இல்லை.

அவர் உடலை அடக்கத்துக்கு முன் கொஞ்ச நேரம் எம்.எஸ். விஸ்வநாதன் வீட்டில் வைக்கணும் என்பது அவர் ஆசையா இருந்ததுன்னு சொல்வாங்க. அப்படியே செய்தாங்க. முதல் நாள் உச்சரிப்பு சரியில்லைன்னு சொன்ன அதே விஸ்வநாதன். பிறகு சாந்தோம் பக்கம் குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

எதில் ஆரம்பிக்கணும்னு கேட்கிறவங்களுக்கு: முதலில் மரகதம், அடுத்து புதையல், அப்புறம் அன்னை. கவலை இல்லாத மனிதனைக் கடைசிக்கு வைங்க. ரீமாஸ்டர் என்று போட்டு எக்கோ சேர்த்திருக்கிற பதிவுகளைத் தவிர்த்துடுங்க, அந்தக் குரலின் விரிசலை அது பூசி மெழுகிவிடும். இயர்போன் ரெண்டு காதிலும் வேண்டும்னு இல்லை, எல்லாம் மோனோதான். ஒன்றைப் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுங்க.